மேட்டுக் காணியைச் சோலருக்குக் கொடுப்பதா? திருகோணமலைக் காணிக்காரருக்கு ஓர் ஒப்பீடு

சோலர் கம்பனிக்குக் காணி கொடுப்பதா, விடுவதா என்ற கேள்வி திருகோணமலை மாவட்டத்தில் இனிப் பல வீடுகளுக்கு வரும். வெயிலுக்கு இங்கே குறைவில்லை. மாரி மழை ஒக்டோபரில் தொடங்கி மாசிக்குள் அடங்கிவிடும். பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பது அரசின் இலக்கு. சம்பூரில் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்டிபிசியும் சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே இரண்டு தரப்பும் சேர்ந்து அங்கே 120 மெகாவாட் சோலர் திட்டத்தை எடுத்திருக்கின்றன. 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் அதைத் தொடக்கி வைத்தார்கள். பெரிய திட்டம் வந்து மின்கம்பியும் வந்தால், அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னத் திட்டங்களும் காணி தேடும். கம்பனிக்கு முன்னால் தரகர் வந்துவிடுவார்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்க வேண்டாம். குளத்துத் தண்ணீர் பாயும் வயலை எந்தக் காசுக்கும் கொடுக்க வேண்டாம். மழையை மட்டும் நம்பிக் கிடக்கும் மேட்டுக் காணி, உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) சுத்தமாக இருந்தால், குத்தகைக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது ஏக்கருக்கு எவ்வளவு என்று. இருபது வருடம் கழித்து அந்தக் காணி யார் கையில், எந்த நிலையில் இருக்கும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

என் சித்தியின் குடும்பத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். மூதூர்ப் பக்கம் அவர்களுக்கு மூன்று துண்டு இருக்கிறது: குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல், ஐந்து ஏக்கர் மேட்டுக் காணி, அரசின் பெர்மிட்டில் (அனுமதிப் பத்திரத்தில்) கிடைத்த இரண்டு ஏக்கர். தரகர் வந்து பத்து ஏக்கரையும் ஒரே விலையில் பேசினார். "சும்மா கிடக்கிற காணிதானே அக்கா" என்றார். "சும்மா கிடக்குதென்று யார் தம்பி சொன்னது? மாடு எங்கே மேயுது?" என்று கேட்டார் சித்தி. மூன்றும் ஒரே காணி இல்லை. மூன்றுக்கும் மூன்று சட்டம், மூன்று வேறு கணக்கு.

முதலில் பத்திரம்

உறுதிக் காணி என்றால் சொந்தக்காரர் தன் விருப்பப்படி குத்தகைக்குக் கொடுக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டம் அது. எழுதிய பிறகு காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் நாளை நீதிமன்றத்தில் நிற்காது.

உறுதி இருந்தாலும் அது சுத்தமா என்பது வேறு கதை. பாட்டன் பெயரில் உறுதி, அனுபவிப்பது பேரன், பங்குக்காரர் இரண்டு பேர் கனடாவில், ஒருவர் காணாமல் போனவர் என்று இருக்கும் காணிகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. போரில் உறுதி தொலைந்தவர்கள் உண்டு, எல்லைக்கல் தொலைந்தவர்கள் உண்டு. கம்பனியின் வங்கி இதையெல்லாம் தோண்டிப் பார்க்கும். அதனால் ஒன்றைச் சொல்வேன்: சோலருக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், நில அளவையாளரைக் கூப்பிட்டு வரைபடம் எடுத்து, பங்கு பிரித்து, உறுதியைச் சரிசெய்யுங்கள். அந்தச் செலவு ஒரு நாளும் வீண் போகாது.

பெர்மிட் காணி வேறு சாதி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பயிர் செய்யவும் குடியிருக்கவும் கொடுக்கப்பட்டது. பெர்மிட்டுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியைக்கூட பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. பெர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு கம்பனிக்குக் குத்தகை எழுதினால், நிபந்தனையை மீறியதாகச் சொல்லிப் பெர்மிட்டையே ரத்துச் செய்யலாம். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று தரகர் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

எந்தப் பத்திரமும் இல்லாமல் பல காலமாகப் பயிர் செய்பவர்களின் நிலைதான் எல்லாவற்றிலும் நெஞ்சைச் சுடுவது. முத்துநகரில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். அங்கே விவசாயிகள் பயிர் செய்துவந்த நிலம் துறைமுக அதிகார சபைக்குரியது என்று சொல்லப்பட்டு, சோலர் கம்பனிகளுக்குப் போனது. 2025இல் அந்த விவசாயிகள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் யாரும் வாடகை பேசவில்லை. நான் இங்கே எழுதும் ஒப்பீடு எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. தெரிவு செய்யும் இடத்திலேயே அவர்கள் இருக்கவில்லை. உறுதி வைத்திருப்பவர்கள் பேரம் பேசும்போது, பக்கத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

வயலுக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அந்த வயலை வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) செய்பவர் பதிவில் இருந்தால் அவருக்கும் உரிமை உண்டு. அவரை எழுப்பிவிட்டுக் கம்பனியை உட்கார வைக்க முடியாது. சித்தியின் மூன்று ஏக்கர் வயல் இப்படிச் சட்டத்தாலும் பேச்சிலிருந்து விலகியது, கணக்காலும் விலகியது. 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபாய். ஏக்கருக்கு 1,700 கிலோ கிடைத்தால் ஒரு போகத்துக்கு 2 லட்சத்துக்குச் சற்று மேல். உழவு, விதை, உரம், வெட்டுக் கூலி எல்லாம் போனாலும், இரண்டு போகமும் விளையும் வயலுக்கு அந்த வருமானமும் சோறும் இருக்கின்றன. அதை ஏன் விடுவது?

ஆக, மிஞ்சுவது ஐந்து ஏக்கர் மேட்டுக் காணி.

விற்பதும் குத்தகைக்குக் கொடுப்பதும்

இந்த இரண்டுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சோலர் நிலையம் விலைக்கு வாங்கிய சுமார் 2,500 ஏக்கரில் நிற்கிறது. கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா. பாவகடாவில் நிலத்தை வாங்கவில்லை. ஏறக்குறைய 2,300 விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 இந்திய ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 5 சதவீதம் கூடும். மழை பொய்த்துப் பொய்த்து ஊரே வெளியேறிக்கொண்டிருந்த வறண்ட பூமி அது. காணி வைத்திருந்தவர்களுக்கு அந்த வாடகை நிலையான வருமானமாக ஆனது. காணி இல்லாத கூலிக்காரருக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் வேலையும் மேய்ச்சலும் போயின. இந்த இரண்டாவது பாதியை நான் பிறகு எடுக்கிறேன். நம் ஊருக்கு அது இன்னும் கூர்மையாகப் பொருந்தும்.

விற்றால் கையில் ஒரே தடவையில் காசு வரும். மகளின் கல்யாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், வீட்டின் மிச்ச வேலை என்று அதற்கு வழி காத்திருக்கும். வங்கியில் போடலாம் என்பவர்களுக்கு: 2023இன் தொடக்கத்தில் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது, இரண்டே வருடத்தில் அது 8 சதவீத அளவுக்கு இறங்கியது. காணி அப்படி இறங்காது. அதோடு வெளிநாட்டவருக்கோ, பாதிக்குப் பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கோ காணியை விற்க 2014ஆம் ஆண்டின் சட்டம் தடை போடுகிறது, குத்தகைக்குத்தான் கொடுக்கலாம். ஆகவே "விற்றே ஆக வேண்டும்" என்று நெருக்குபவர் பெரும்பாலும் இடையில் நின்று வாங்கிக் கைமாற்றப் பார்ப்பவர்.

இடம்பெயர்வும் நினைவுக்கு வர வேண்டும். சம்பூர் மக்கள் 2006இல் ஊரை விட்டுப் போனார்கள். 2015க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அத்தனை வருடம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்து கேட்டுப் பெற்ற காணி. அதை விற்பதற்கு முன் வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார்ந்து கதைக்க வேண்டும், ஒரு மாலைப் பொழுதில் முடிக்கிற விஷயம் இல்லை.

குத்தகையில் வாடகையை எப்படி எழுதுவது

இங்கேதான் கம்பனியின் கணக்கை நாமும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் வேண்டும். இந்த வெயிலில் ஒரு மெகாவாட் வருடத்துக்கு ஏறக்குறைய 15 லட்சம் யூனிட் தரும். வாதத்துக்கு யூனிட் 15 ரூபாய் என்று வையுங்கள்: 2 கோடியே 25 லட்சம் ரூபாய் வருமானம். நாலரை ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 50 லட்சம். ஆகவே வருமானத்தில் ஒவ்வொரு சதவீதமும் ஏக்கருக்கு வருடம் 50,000 ரூபாய். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு மேசையில் உட்காருங்கள். கம்பனி கடன் கட்ட வேண்டும், சோலர் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டரைப் பத்துப் பதினைந்து வருடத்தில் புதிதாகப் போட வேண்டும், பராமரிக்க வேண்டும். எல்லாமே இலாபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் தொகை பேராசையா நியாயமா என்பது உங்களுக்கே தெரியும்.

வாடகை மூன்று விதமாக வரும்.

மாறாத வாடகையை ஒதுக்கிவிடுங்கள். 2022 செப்டம்பரில் இந்த நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது; 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ஆனது. 2021இல் மாறாத வாடகைக்குக் கையெழுத்து வைத்திருந்தால் அந்த வாடகையின் பெறுமதி ஒரே வருடத்தில் ஏறக்குறையப் பாதியாகியிருக்கும், ஒப்பந்தமோ இன்னும் பத்தொன்பது வருடம் ஓடும்.

படிப்படியாகக் கூடும் வாடகைதான் நம் குடும்பங்களுக்குப் பொருத்தமானது என்பது என் கணிப்பு. எப்படிக் கூடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு வருடம் 1 லட்சத்தில் தொடங்குவதாக வைப்போம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் கூடினால் இருபது வருடத்தில் மொத்தம் 23 லட்சத்துச் சொச்சம். ஒவ்வொரு வருடமும் 5 சதவீதம் கூடினால் 33 லட்சம். காகிதத்தில் "10" என்பது "5"ஐ விடப் பெரிதாகத் தெரியும். பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். இன்னும் நல்லது, வருடம் 5 சதவீதம் அல்லது அந்த வருடப் பணவீக்கம், எது கூடவோ அது என்று எழுதுவது. கம்பனி முழுதாக ஒத்துக்கொள்ளாது, ஆனால் கேட்டால்தான் நடுவில் ஓர் இடத்துக்கு வருவார்கள்.

மூன்றாவது, வருமானத்தில் பங்கு. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் விற்ற யூனிட் எத்தனை என்பதைக் காணிக்காரர் எப்படிச் சரிபார்ப்பார்? அதோடு எவ்வளவு விற்கலாம் என்பதே கம்பனியின் கையில் இல்லை. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாவனை குறைவாக இருந்த பகலில் சோலர் மின்சாரம் கூடுதலாக இருந்ததும் அப்போது பேசுபொருளானது. அந்த ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களில் கூரைச் சோலர் வைத்திருந்தவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. நெருக்கடிக் காலத்தில் சபை, புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தந்தவர்களுக்கு மாதக்கணக்கில் பணம் கொடுக்காமல் வைத்திருந்ததும் நடந்தது. பங்கு என்று எழுதினால் இந்த நட்டமெல்லாம் உங்கள் தலையிலும் விழும். வேண்டுமென்றால் படிப்படியாகக் கூடும் வாடகையை அடியாக வைத்து, அதற்கு மேல் ஒரு சிறு பங்கு கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உங்கள் காணி 33 கிலோவோல்ட் கம்பிக்கும் கிரிட் (தேசிய மின்வலை) உபநிலையத்துக்கும் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதுதான் கம்பனிக்கு அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. கம்பி இழுக்கும் செலவு கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் கூடும். மண் வளமா இல்லையா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிரதான கம்பி பக்கத்தில் போகும் கற்பாறைக் காணிக்குத் தூரத்து நல்ல காணியை விடக் கூட வாடகை கேட்கலாம்.

கையில் வைத்திருந்தால்?

ஒப்பீடு என்றால் கொடுக்காமல் விடுவதையும் ஒரு தெரிவாகவே எடுக்க வேண்டும். அந்த ஐந்து ஏக்கரில் மாரியில் சோளனும் கச்சானும் (நிலக்கடலை) போடலாம். மழை சரியாகப் பெய்த வருடம் நல்ல காசு. மழை பொய்த்த வருடம் விதைக்காசும் இல்லை. யானை வந்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். மரமுந்திரிகை வைத்தால் சில வருடம் காத்திருக்க வேண்டும், பிறகு பராமரிப்புக் குறைவு. இளம் பிள்ளைகள் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்கும் வீட்டில் இதைச் செய்ய ஆளில்லை என்பதுதான் உண்மை நிலவரம். வாடகை என்ற பேச்சு அங்கே எடுபடுவதற்குக் காரணமும் அதுதான். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது.

நாமே சோலர் போட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தரையில் ஒரு மெகாவாட் போடக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். தனிக் குடும்பத்துக்கு அது எட்டாது. வீட்டுக் கூரையில் போடுவது எட்டும். ஆனால் அந்த மின்சாரத்துக்கு மின்சார சபை கொடுக்கும் விலை இறங்கிக்கொண்டு வருகிறது: சின்னக் கூரைச் சோலருக்கு யூனிட்டுக்கு 2022இல் 37 ரூபாய், 2024இல் 27, 2025இல் 5 கிலோவாட் வரைக்கும் 20.90. கடன் வாங்கிப் போடுவதானால் இந்த இறக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சொந்தக் கிணற்றுக்குச் சோலர் பம்ப் போட்டு டீசல் செலவை நிறுத்துவது, காணியையும் விடாமல் வெயிலையும் பயன்படுத்தும் எளிய வழி. ஐந்து ஏக்கரில் ஒரு ஏக்கர் மரக்கறித் தோட்டமானாலே வீட்டுச் செலவு ஓடும்.

சோலர் பனலுக்குக் கீழே பயிர் என்ற வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பான் 2013இலேயே அதை அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு: கீழே விளைவது அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஜேர்மனியில் ஹெகல்பாக் என்ற பண்ணையில் உயரமாக நிறுத்திய பனலுக்குக் கீழே கோதுமையும் உருளைக்கிழங்கும் போட்டுப் பார்த்தார்கள்; வெயில் கடுமையாக இருந்த 2018இல் நிழல் பயிருக்கு உதவியது, ஒன்றை மட்டும் செய்வதை 100 என்று வைத்தால், மின்சாரமும் விளைச்சலும் சேர்த்து ஒரே காணியின் பயன் 186 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். நம் வெயிலுக்கு இது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் உயர்த்திக் கட்ட இரும்பு கூட வேண்டும், மாரிக்காற்றையும் புயலையும் தாங்க வேண்டும், அதனால் கம்பனிகள் தாமாக முன்வராது. குறைந்தது செம்மறி மேய்ச்சலுக்காவது இடம் கேட்கலாம். புல்லுக்கு மருந்து அடிப்பதை அது மிச்சப்படுத்தும், கம்பனிக்கும் செலவு குறையும். வெள்ளாடு வேண்டாம், பனலில் ஏறும், வயரைக் கடிக்கும்.

பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்

சித்தி கேட்ட மாட்டுக் கேள்விக்கு வருகிறேன். அந்த ஐந்து ஏக்கரில் மேய்வது அவருடைய மாடுகள் மட்டும் இல்லை. வயலில் வெள்ளாண்மை நிற்கும் மாதங்களில் பட்டிக்காரர் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் வருவார்கள். மூதூர்த் தயிர் என்று நகரத்தில் வாங்குகிறோமே, அதற்குப் பின்னால் இப்படி வேலி இல்லாத காணிகள் இருக்கின்றன. நூறு ஏக்கருக்கு வேலி அடைத்தால் நூறு குடும்பத்துக்கு வாடகை வரலாம். மேய்ச்சல் இழந்தவருக்கு ஒரு சதமும் வராது. யானையும் அப்படித்தான். கந்தளாய், மொறவெவ, சேருநுவரப் பக்கங்களில் யானை போகும் தடத்துக்குக் குறுக்கே வேலி போட்டால் அது திரும்பிப் போகாது. பக்கத்துக் காணிக்குள் இறங்கும். வாடகை வாங்குபவர் ஒருவர், வேளாண்மை இழப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடும்.

தண்ணீரும் பார்க்க வேண்டிய விஷயம். பற்றையை வெட்டிச் சமப்படுத்திய காணியில் மாரி மழை நிற்காமல் ஓடும். தாழ்வில் இருப்பவர் வயலில் மணல் ஏறும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மூதூர், வெருகல் பக்கங்களில் வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் எங்கே வெட்டப்படும், யார் பக்கம் போகும் என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்தில் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் மெல்லிய படையாகத்தான் இருக்கிறது. பனல் கழுவ ஆழக் கிணறு போட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும். பக்கத்து வெங்காயத் தோட்டம்தான் முதலில் கருகும்.

ஆகவே கம்பனியோடு பேசும்போது மாட்டுப் பாதை, தண்ணீர், ஊர் ஆட்களுக்கு வேலை ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். கட்டும் மாதங்களில் கூலி வேலை நிறைய இருக்கும். கட்டி முடிந்தால் காவலுக்கும் புல் வெட்டவும் சில பேர்தான்.

கையெழுத்துக்கு முன்னால்

சித்தி வீட்டுக்கு வந்த வரைவை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பக்கம். முதல் பக்கத்தில் "இருபது வருடம்" என்று தெளிவாக இருந்தது. நடுவில் ஒரு பந்தியில், கம்பனி விரும்பினால் அதே நிபந்தனைகளோடு இன்னொரு இருபது வருடம் நீடிக்கலாம் என்று. அதாவது நாற்பது வருடம், நீடிப்பதா இல்லையா என்ற முடிவு ஒரு தரப்பின் கையில் மட்டும். கடைசிப் பக்கங்களில், குத்தகை முடிந்ததும் "நியாயமான காலத்துக்குள்" சாதனங்களை அகற்றுவார்கள் என்று ஒரு வரி. எத்தனை மாதம், யாருடைய செலவு, கம்பனி கலைந்துபோனால் யார் செய்வது என்று எதுவும் இல்லை.

இந்த ஒரு வரிக்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். இரும்புத் தூண்கள் ஒன்றரை, இரண்டு மீற்றர் ஆழத்துக்கு அடிக்கப்படும். மண்ணுக்குள் கேபிள் ஓடும், கொங்கிரீட் தளம் இருக்கும், டிரான்ஸ்போமரில் எண்ணெய் இருக்கும். இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு மெகாவாட்டுக்கு ஆயிரக்கணக்கான பழைய பனல்கள் கிடக்கும். அலுமினியத்துக்கும் செம்புக்கும் விலை உண்டு, கண்ணாடிக்கும் மிச்சத்துக்கும் இல்லை. காணியைச் சுத்தமாகத் திருப்பித் தருவதற்கான செலவுக்கு வங்கி உத்தரவாதம் கேட்க வேண்டும். முதல் நாளே முழுத்தொகை தர மாட்டார்கள். பத்தாவது வருடத்திலிருந்து வருடா வருடம் ஏற்றிக்கொண்டு வரும்படி எழுதலாம்.

முற்பண ஒப்பந்தம் இன்னொரு பொறி. சிறு தொகை கொடுத்து, அனுமதிகள் கிடைக்கும் வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கட்டிப்போடுவார்கள். நிலைபெறுதகு வலு அதிகார சபையின் அனுமதி, கிரிட்டில் இடம், மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம், வங்கிக் கடன் என்று எல்லாம் கிடைக்க வருடக்கணக்கு ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டங்களிலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியதை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய திட்டமே வருடக்கணக்காகப் பேசி நின்றுபோனது. ஆகவே கட்டிவைக்கும் காலத்துக்கு முடிவுத் திகதியும், அதுவரைக்கும் வருடாந்தப் பணமும், பயிர் செய்ய உங்களுக்கு உரிமையும் இருக்க வேண்டும். கம்பனி குத்தகையை வேறொருவருக்குக் கைமாற்றினால் உங்கள் சம்மதம் வேண்டும். வங்கியில் அடகு வைப்பதானால் தங்கள் குத்தகை உரிமையை வைக்கட்டும். காணியை வைக்க விடக் கூடாது.

ஒரு விஷயத்தை ஊரில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. கிழக்கில் காணி பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருக்கும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும். தரகர் வந்து முற்றத்தில் உட்கார்ந்து பேசுவதோ ஆண்களோடு. வீட்டுக்குள்ளிருந்து தேத்தண்ணி வரும், கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் அந்தப் பெண் வருவார். இது மாற வேண்டும். உறுதியில் பெயர் இருப்பவர் முதல் பேச்சிலிருந்தே மேசையில் உட்கார வேண்டும், வரைவு தமிழில் அவர் கைக்கு வர வேண்டும், கம்பனி ஏற்பாடு செய்யாத ஒரு சட்டத்தரணி அதை வாசித்துச் சொல்ல வேண்டும்.

தனியாகவும் பேச வேண்டாம். ஐந்து ஏக்கரில் ஒரு மெகாவாட்தான் வரும்; கம்பனிக்குத் தொடர்ச்சியான காணி வேண்டும், அதனால் பக்கத்துக் காணிக்காரர் எல்லோரும் அவர்களுக்குத் தேவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விலை சொல்லிப் பிரிப்பதும் அதனால்தான். சித்தியின் ஐந்து ஏக்கருக்குக் கிழக்கே ஒரு முஸ்லிம் குடும்பத்தின் காணி, தெற்கே சித்தப்பாவின் மச்சான் குடும்பத்தினுடையது. மூன்று வீடும் சேர்ந்து ஒரே பதிலை அனுப்பியிருக்கிறார்கள்: வயலும் பெர்மிட் காணியும் பேச்சில் இல்லை, மேட்டுக் காணிக்கு வருடாவருடம் கூடும் வாடகை, நீடிப்பதானால் புதிதாக விலை பேச வேண்டும், வடக்கு எல்லையோடு மாட்டுப் பாதை திறந்திருக்க வேண்டும், அகற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம். அடுத்த பேச்சுக்கு உறுதியில் பெயருள்ள மூன்று பெண்களும் நேரில் வருகிறார்கள். உத்தரவாதம் பற்றிய பதில் எழுத்தில் வரும் வரை முற்பணத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.